டிரெய்லர் சப்ஸ்டேஷனா, ஜெனரேட்டரா, பேட்டரியா?

மின் விநியோக நிறுவனங்களில் அவசரகாலத் தளவாடம் வாங்கக் குழு போட்டால், முதல் கூட்டத்திலேயே மெகாவாட் கணக்கு மேசைக்கு வந்துவிடும். இத்தனை மெகாவாட் ஜெனரேட்டர், இத்தனை கண்டெய்னர் பேட்டரி, டெண்டர் எப்போது விடலாம் என்று பேச்சு ஓடும். நம்மிடம் எது பழுதாகும் என்ற கேள்வி எழுவதற்குள் பாதிப் பட்டியல் முடிவாகியிருக்கும். அந்தக் கேள்வியை முதலில் கேட்டால் பட்டியலே வேறு மாதிரி வரும்.

ஒரு நகரத்தின் 110/11 கிலோவோல்ட் துணை மின்நிலையத்தில், 25 எம்.வி.ஏ. (மெகாவோல்ட்-ஆம்பியர், தாங்கும் திறனின் அளவு) டிரான்ஸ்பார்மரின் புஷ்ஷிங் (கம்பி உள்ளே நுழையும் இடத்து இன்சுலேட்டர்) வெடித்துத் தீப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 110 கே.வி. லைன் சப்ஸ்டேஷன் வாசல் வரை உயிரோடு வந்து நிற்கிறது. வெளியே போகும் 11 கே.வி. பீடர்களுக்கும் (ஊருக்குள் மின்சாரம் கொண்டுபோகும் லைன்கள்) ஒன்றும் ஆகவில்லை. நடுவில் ஒரே ஒரு கண்ணிதான் அறுந்திருக்கிறது. இந்த நிலையில் டீசல் எரித்து மின்சாரம் தயாரிக்கக் கிளம்புவது வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுதான். அதே நகரத்துக்கு வரும் 110 கே.வி. கோபுரங்கள் புயலில் சாய்ந்துவிட்டால் கதை மாறுகிறது. எத்தனை டிரான்ஸ்பார்மரைக் கொண்டுவந்து இறக்கினாலும் விளக்கு எரியாது. நாடு முழுக்க உற்பத்தியே போதவில்லை என்றால் டிரான்ஸ்பார்மரும் உதவாது, லைனும் உதவாது. ஆக, டிரான்ஸ்பார்மர் போவது, லைன் போவது, உற்பத்தி போவது என்று மூன்று தனித்தனி நோய்கள். சந்தையில் விற்கும் நடமாடும் கருவிகள் ஒவ்வொன்றும் இவற்றில் ஏதோ ஒன்றுக்குத்தான் மருந்து.

டிரெய்லரில் வரும் சப்ஸ்டேஷன்

என் கணிப்பில் ஒரு விநியோக நிறுவனம் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம்.

ஒரு நீண்ட டிரெய்லர். முன்பக்கம் உயர் அழுத்த பிரேக்கர், ஐசொலேட்டர், இடிதாங்கி. நடுவில் டிரான்ஸ்பார்மர், அதன் ரேடியேட்டர், விசிறிகள். பின்பக்கம் குறைந்த அழுத்த பிரேக்கர்கள், ரிலே (கோளாறைக் கண்டு பிரேக்கரைத் திறக்கும் கருவி) பேனல், கன்ட்ரோலுக்கான டிசி பேட்டரி. கொஞ்சம் பெரிய அளவென்றால் இதையே இரண்டு, மூன்று டிரெய்லர்களாகப் பிரிப்பார்கள். அமெரிக்க எரிசக்தித் துறை 2006-ல் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த ஓர் அறிக்கை முழுக்க இவற்றைப் பற்றியதுதான். 10 முதல் 100 எம்.வி.ஏ. வரை, 245 கே.வி. வரை இவை கிடைக்கும் என்றும், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மின்சாரத்தை மீட்டுவிடலாம் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். புதிய டிரான்ஸ்பார்மருக்கு ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர இப்போது ஓராண்டுக்கு மேல் ஆகிறது. பெரிய அளவுகளுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட ஆகின்றன. இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளிதான் டிரெய்லரின் மதிப்பு.

25 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மரைச் சாலையில் ஓடும் எடைக்கு எப்படிச் சுருக்குகிறார்கள்? சாதாரண டிரான்ஸ்பார்மரில் சுருளைச் சுற்றியிருப்பது காகிதம். இதில் அதிக சூடு தாங்கும் அராமிட் இன்சுலேஷன் போடுவார்கள். சூடு தாங்கும் என்பதால் அதே மின்னோட்டத்துக்குக் கம்பியின் பருமனைக் குறைக்கலாம். எண்ணெயை பம்ப் வைத்து ஓட்டி, விசிறி வைத்துக் குளிர்விப்பார்கள். இந்தச் சுருக்கத்துக்கு விலை உண்டு. லோடு இழப்பு அதிகம், இரைச்சல் அதிகம். விசிறிக்கும் பம்புக்கும் போகும் சப்ளை நின்றால் முழு லோடில் வெகுநேரம் தாக்குப்பிடிக்காது. எனவே குளிர்விப்புக்கான சப்ளையை ஒரே இடத்திலிருந்து எடுக்கும் வடிவமைப்பை நான் ஏற்க மாட்டேன். பார்க்கச் சின்ன விஷயம்தான். டெண்டர் எழுதுகிறவர்கள் கோட்டைவிடுவதும் இதைத்தான்.

அடுத்து, மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாத ஒன்று: வெக்டர் குரூப். டிரான்ஸ்பார்மரின் சுருள்களை இணைத்திருக்கும் முறையும், அதனால் இரு பக்க அழுத்தங்களுக்கும் நடுவே வரும் கோணமும்தான் இது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே சில நிலையங்களில் டிஒய்என்11, வேறு சிலவற்றில் ஒய்என்டி1, இன்னும் சிலவற்றில் ஸ்டார்-ஸ்டார் என்று காலத்துக்கேற்ப வாங்கிப் போட்டிருப்பார்கள். டிரெய்லர் ஒரு குரூப்பில் இருக்க, நிலையம் வேறு குரூப்பில் இருந்தால், 11 கே.வி. பக்கத்தில் கோணம் 30 டிகிரியோ 60 டிகிரியோ விலகி நிற்கும். பீடர் தனியாக ஓடும்வரை யாருக்கும் தெரியாது. மோட்டார் சரியாகச் சுற்றும், விளக்கு எரியும். பக்கத்து நிலையத்தின் பீடரோடு லோடு மாற்ற யாராவது டை சுவிட்சைப் போடும் அந்தக் கணத்தில்தான் இரண்டுக்கும் நடுவே பெரும் மின்னோட்டம் பாய்ந்து பிரேக்கர்கள் டிரிப் ஆகும், சில சமயம் சுவிட்சே வெடிக்கும். டிரெய்லர் வாங்கும்போதே அழுத்த விகிதத்தையும் குரூப்பையும் மாற்றிக்கொள்ளும்படி லிங்க் வைத்து வாங்கலாம். விலை ஏறும், எடை ஏறும். ஆனால் ஒரே டிரெய்லரை எத்தனை நிலையங்களில் நிறுத்தலாம் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. எல்லா நிலையங்களின் விகிதம், குரூப், இம்பீடன்ஸ் மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிட்டுப் பிறகு டெண்டர் எழுதுவது நல்லது.

வண்டி வந்து நின்றபின் நடப்பதும் நினைப்பதுபோல் உடனே முடிவதில்லை. ஜாக்கி வைத்து மட்டம் பார்க்க வேண்டும். வேறு எந்தக் கம்பியைத் தொடும் முன்பும் டிரெய்லரின் உடலை நிலையத்தின் எர்த் மேட்டோடு (தரைக்குள் புதைத்த எர்த் கம்பி வலை) இரண்டு இடங்களில் கட்ட வேண்டும். வழியில் குலுங்கி வந்த டிரான்ஸ்பார்மர் என்பதால் மெக்கர் (இன்சுலேஷன் சோதனை), ரேஷியோ டெஸ்ட் (அழுத்த விகிதச் சோதனை) இரண்டையும் தவிர்க்க முடியாது. எண்ணெயின் தாங்குதிறனும் பார்க்க வேண்டும். ரிலே செட்டிங்கை அந்த நிலையத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். பிறகு உயர் அழுத்தப் பக்கத்தில் சார்ஜ் செய்து, மறுபக்கம் திறந்தே இருக்க, கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்பார்கள். ஃபேஸ் வரிசை சரிபார்த்த பிறகே முதல் பீடர். இதற்கெல்லாம் ஆகும் நேரம் டிரெய்லரின் தரத்தைவிட நிலையத்தின் தயார்நிலையைப் பொறுத்தது. லைனிலிருந்து டிரெய்லருக்கு ஜம்பர் இறக்க ஒரு இடம், டிரெய்லர் நிற்க ஜல்லி போட்டு இறுக்கிய தரை, பழைய டிரான்ஸ்பார்மரிடமிருந்து வரும் 11 கே.வி. கேபிளைத் தொடாமல் நேராக பஸ்பாரில் (பீடர்கள் எல்லாம் சேரும் பொதுக் கம்பி) சேர ஒரு காலி பிரேக்கர், நுழைவாயிலில் திரும்ப இடம். இவை இருக்கும் நிலையத்தில் ஒரு ஷிஃப்டில் வேலை முடியும். இல்லாத இடத்தில் டிரெய்லர் மூன்று நாள் வெளியே நிற்கும். டிரெய்லருக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை இந்தச் சிவில் வேலைக்கு ஒதுக்காத திட்டத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இதற்கு இன்னொரு பலமும் உண்டு. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் எந்த விபத்தும் நடக்காது. அந்த நாட்களில் டிரெய்லர் சும்மா நிற்க வேண்டியதில்லை. ஒரு நிலையத்தின் டிரான்ஸ்பார்மரைப் பராமரிப்புக்குக் கழற்ற வேண்டுமென்றால், டிரெய்லரை இணைத்துவிட்டு மின்தடையே இல்லாமல் வேலை பார்க்கலாம். ஊழியர்களுக்கும் அதுவே பயிற்சி. ஆனால் இதிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது. லோடு ஏறிப்போன ஒரு நிலையத்தில் "ஒரு கோடைக்கு மட்டும்" என்று நிறுத்தும் டிரெய்லர் மூன்று கோடைக்கு அங்கேயே நிற்கும். அவசரம் வரும் நாளில் அதைக் கழற்ற முடியாது. கழற்றினால் அந்த ஊர் இருளும். டிரெய்லர் ஒரே இடத்தில் அதிகபட்சம் எத்தனை மாதம் நிற்கலாம் என்பதை வாங்கும்போதே எழுதிவைத்து, அதைத் தாண்ட மேலிட அனுமதி வேண்டும் என்று ஆக்கிவிடுவது உத்தமம்.

பெரிய டிரான்ஸ்பார்மர்கள் வேறு உலகம்

345, 400 கே.வி. டிரான்ஸ்பார்மர்கள் 100 டன்னிலிருந்து 400 டன் வரை எடையுள்ளவை. அவற்றைச் சக்கரத்தில் வைத்து ஓட்டிக்கொண்டு போக முடியாது. இதற்கு ஒரு வழி, மூன்று ஃபேஸையும் மூன்று தனிப் பெட்டிகளாகப் பிரிப்பது. ஏபிபி நிறுவனமும் அமெரிக்காவின் எலெக்ட்ரிக் பவர் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்டும் அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆதரவோடு 2012 மார்ச்சில் இதைச் செய்து காட்டின. 345/138 கே.வி., ஒவ்வொன்றும் 200 எம்.வி.ஏ. கொண்ட மூன்று பெட்டிகள் செயின்ட் லூயிஸிலிருந்து சாலை வழியாக ஹூஸ்டனுக்குப் போய், ஒரு வாரத்துக்குள் மின்னோட்டம் ஏற்றின. ரெக்எக்ஸ் (RecX) என்று அதற்குப் பெயர்.

அடுத்த ஆண்டே அதன் தேவை விளங்கியது. 2013 ஏப்ரலில் கலிபோர்னியாவின் மெட்காஃப் சப்ஸ்டேஷனில் யாரோ இருளில் நின்று சுட்டதில் 17 டிரான்ஸ்பார்மர்கள் எண்ணெய் கசிந்து சூடேறி நின்றுபோயின. நிலையத்தின் பழுதை நீக்க 27 நாள் ஆனது. சுற்றுவழிகளில் மின்சாரத்தைத் திருப்ப முடிந்ததால் பெரிய இருட்டடிப்பு நடக்கவில்லை. சுற்றுவழி இல்லாத வலைப்பின்னல் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த வகையைத் தனியொரு நிறுவனம் சொந்தமாக வாங்குவது வீண் என்பது என் கருத்து. விலை ஒரு பக்கம் இருக்க, வாழ்நாளில் ஒருமுறைகூடத் தேவைப்படாமல் போகலாம். ஒரே அழுத்தம், ஒரே விகிதம் கொண்ட பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொதுக் கையிருப்பு வைப்பதே சரி. அழுத்தம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை உக்ரைன் கண்ணெதிரே காட்டியது. 2022 அக்டோபர் முதல் அதன் சப்ஸ்டேஷன்கள் தாக்கப்பட்டபோது உதவ நாடுகள் இருந்தன, டிரான்ஸ்பார்மர்கள் பொருந்தவில்லை. மேற்கு ஐரோப்பாவில் ஓடுவது 400, 220 கே.வி.; உக்ரைனின் முதுகெலும்பு சோவியத் காலத்து 330, 750 கே.வி. அதே 330 கே.வி. பரம்பரையைச் சேர்ந்த லித்துவேனியாவால் தன்னிடம் இருந்த பழைய ஆட்டோ டிரான்ஸ்பார்மரைக் கொடுத்து உதவ முடிந்தது.

ஜெனரேட்டர்: டீசல் கணக்கை முதலில் போடுங்கள்

டீசல் ஜெனரேட்டர் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.27 லிட்டர் குடிக்கும். மேலே சொன்ன நிலையத்தில் லோடு 15 மெகாவாட் என்றால் மணிக்கு 4,000 லிட்டருக்கு மேல். ஒரு நாளைக்கு 97,000 லிட்டர். 20,000 லிட்டர் டேங்கர் தினமும் ஐந்து முறை வர வேண்டும். சாலையெல்லாம் மரம் விழுந்து கிடக்கும் வாரத்தில் இது நடக்குமா? நிலையம் முழுவதையும் ஜெனரேட்டரில் தாங்குவது என்ற யோசனை இந்தக் கணக்கிலேயே முடிந்துவிடுகிறது.

அதனால் ஜெனரேட்டர் வேண்டாம் என்று பொருளில்லை. அதன் இடம் மருத்துவமனை, குடிநீர் பம்ப், அறுந்துபோன ஒரு வால் பீடர் போன்ற சின்னத் துண்டுகள். அங்கேயும் இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று, மின்தடை நீண்ட பீடரைத் திரும்பப் போடும்போது லோடு பழைய அளவில் வராது. எல்லா ஃபிரிட்ஜும் ஏசியும் மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் முதல் சில நிமிடங்களில் வழக்கமான லோடைவிட எக்கச்சக்கமாக ஏறும். கிரிட் அதைத் தாங்கும், ஒரு மெகாவாட் செட் தாங்காது. பீடரைத் துண்டுதுண்டாக வெட்டி ஏற்ற வேண்டும். இரண்டாவது சங்கடம் உயிரோடு விளையாடுவது. கிரிட்டிலிருந்து ஊட்டும்போது கம்பி அறுந்து விழுந்தால் பாயும் ஃபால்ட் மின்னோட்டத்தைக் கணக்கில் வைத்தே ரிலே செட் செய்திருப்பார்கள். ஜெனரேட்டர் தன் மதிப்பைப்போல மூன்று மடங்கு அளவுக்குத்தான் தொடர்ந்து கொடுக்கும். கம்பி தரையில் கிடக்கும், ரிலே பேசாமல் இருக்கும். செட்டிங்கைக் குறைக்காமல், நியூட்ரலுக்கு எர்த் கொடுக்காமல் பீடரில் ஜெனரேட்டரைச் சேர்க்கிறவர்கள் உண்டு. பீடரின் மறுமுனை திறந்திருக்கிறதா, பூட்டுப் போட்டிருக்கிறதா என்று பார்க்காதவர்களும் உண்டு. லைனில் ஏறியிருக்கும் ஆளுக்குப் பின்னாலிருந்து மின்சாரம் வரும்.

ஜெனரேட்டரை நிறுவனம் சொந்தமாக வாங்கிக் குவிப்பதைவிட, முன்கூட்டியே விலை பேசி வாடகை ஒப்பந்தம் போட்டுவைப்பது மேல். ஒரு பகுதி முழுக்கப் புயல் அடித்தால் எல்லாரும் அதே செட்டைத்தான் கேட்பார்கள் என்பதால், குறைந்தபட்ச எண்ணிக்கையை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம்.

உற்பத்தியே குறையும் மூன்றாவது நோய்க்கு வேறு அளவு வேண்டும். விமான இன்ஜினிலிருந்து பிறந்த, டிரெய்லரில் ஏறும் கேஸ் டர்பைன்கள் ஒவ்வொன்றும் 30 மெகாவாட் அளவில் கிடைக்கின்றன. 2021-ல் கலிபோர்னியா நீர்வளத் துறை இப்படி நான்கை ரோஸ்வில், யூபா சிட்டி இரண்டிலும் நிறுத்தியது. 2022 செப்டம்பர் வெயில் அலையில் அவை ஓடின. இதைவிடப் பெரிதென்றால் மின்கப்பல். துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல் சின்ன நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும். ஆனால் 2023 அக்டோபரில் பாக்கித் தொகைக்காகக் கப்பல் நிறுவனம் சப்ளையை நிறுத்தியபோது கினி-பிசாவின் தலைநகர் இருளில் மூழ்கியது. உபகரணத்தில் ஒரு கோளாறும் இல்லை.

ஜெனரேட்டரால் எதுவரை போகலாம் என்பதற்கு ஆக்லாந்து நல்ல சாட்சி. 1998 ஜனவரி, பிப்ரவரியில் நியூசிலாந்தின் அந்த நகர மையத்துக்குப் போன நான்கு 110 கே.வி. கேபிள்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஜெனரேட்டர்கள் வந்தன, துறைமுகத்தில் ஒரு சரக்குக் கப்பல்கூடத் தன் இன்ஜினிலிருந்து மின்சாரம் கொடுத்தது. இருந்தும் ஐந்து வாரம் நகர மையம் அரை உயிரில்தான் ஓடியது. அவசரமாகக் கட்டிய ஒரு தற்காலிக மேல்நிலை லைன் வந்த பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. போனது லைன், அதற்கு மருந்தும் லைன்தான்.

லைன் போனால்

இதற்கான கருவி பலருக்குத் தெரிவதே இல்லை. அலுமினியத் துண்டுகளைப் போல்ட் போட்டு அடுக்கி, நாலு பக்கமும் ஸ்டே கம்பியால் இழுத்துக் கட்டும் தற்காலிகக் கோபுரம். அடியில் பந்துமூட்டு போன்ற ஒரு தகடு இருப்பதால் கான்கிரீட் அஸ்திவாரம் தேவையில்லை. எஃகுக் கோபுரத்துக்குப் பல வாரங்கள் என்றால் இதற்குச் சில நாட்கள். ஐஇஇஇ (மின் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பு) 1070 என்ற வழிகாட்டு நெறி இதற்காகவே இருப்பதால் ஒரு நிறுவனத்தின் துண்டை இன்னொரு நிறுவனத்தோடு பகிரவும் வழியுண்டு. ஸ்டே கம்பிக்கு விரிந்த நிலம் வேண்டும் என்பதும், கட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்பதுமே குறைகள். 1998 ஜனவரியில் கியூபெக்கில் பனிமழை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோபுரங்களைச் சாய்த்ததுபோல் நடந்தால் எந்தக் கையிருப்பும் போதாது. ஆனால் வழக்கமாகச் சாய்வது இரண்டு, மூன்று கோபுரங்கள்தான். அந்த அளவுக்கு இதைவிட மலிவான காப்பு கிடையாது.

பேட்டரி

இப்போது எல்லாருடைய கண்ணும் இதன்மேல்தான். சத்தமில்லை, புகையில்லை, டீசல் வேண்டாம். 20 அடி கண்டெய்னரில் 5 மெகாவாட்-மணி வரை அடைக்கிறார்கள். எடை 40 டன்னை ஒட்டி வரும், எல்லாப் பாலமும் அதைத் தாங்காது. சாலையில் எளிதாக ஓடும் டிரெய்லர் வகை இதில் ஒரு பங்குதான் வைத்திருக்கும். 15 மெகாவாட் நிலையத்துக்கு அந்தப் பெரிய கண்டெய்னரே 20 நிமிடம். தீர்ந்த பிறகு சார்ஜ் ஏற்றுவதற்கும் மின்சாரம் வேண்டும், அது இல்லாததுதானே பிரச்சினை. ஃபால்ட் மின்னோட்ட விஷயத்தில் இது ஜெனரேட்டரைவிட மோசம்: இன்வெர்ட்டர் தன் மதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக மட்டுமே கொடுக்கும்.

ஆனால் துணைக்கு நின்றால் அருமையான கருவி. டிரெய்லர் சப்ஸ்டேஷன் 20 எம்.வி.ஏ. தாங்கும், மாலை உச்சம் மட்டும் இரண்டு மணி நேரம் 22-ஐத் தொடுகிறது என்றால், அந்த இரண்டைப் பேட்டரி எடுத்துக்கொள்ளும். இரவில் சார்ஜ் ஏறும். ஜெனரேட்டரோடு சேர்ந்தால் மோட்டார்கள் கிளம்பும் அந்த முதல் உதறலை வாங்கிக்கொண்டு, சின்ன செட்டே போதும் என்று ஆக்கிவிடும். இருட்டிலிருந்து மின்நிலையத்தை எழுப்பவும் முடியும். 2017-ல் கலிபோர்னியாவின் இம்பீரியல் இர்ரிகேஷன் டிஸ்ட்ரிக்ட் 33 மெகாவாட் பேட்டரியைக் கொண்டு எல் சென்ட்ரோவில் ஒரு கேஸ் டர்பைனைக் கிளப்பிக் காட்டியது. அது நிலையாக நின்ற பேட்டரி. நடமாடும் வகையில் இதை எதிர்பார்ப்பவர்கள், இன்வெர்ட்டர் கிரிட் இல்லாமலே தானாக அழுத்தத்தையும் அலைவெண்ணையும் உருவாக்கும் வகையா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கிரிட்டைப் பார்த்து நடக்கும் இன்வெர்ட்டர், கிரிட் போன நொடியில் தானும் படுத்துவிடும்.

யாருக்கு எது?

முப்பது, நாற்பது சப்ஸ்டேஷன்கள் கொண்ட, பாதி நிலையங்களில் ஒற்றை டிரான்ஸ்பார்மர் மட்டுமே உள்ள நிறுவனம் என்றால் முதல் பணம் டிரெய்லர் சப்ஸ்டேஷனுக்கு. எல்லா நிலையத்திலும் இரண்டு டிரான்ஸ்பார்மர் இருந்து ஒன்று போனாலும் மற்றது தாங்கும் என்றால் அந்த அவசரம் இல்லை. பணத்தைத் தற்காலிகக் கோபுரத்துக்கும் கேபிள் ட்ரம்முக்கும் திருப்பலாம். நீண்ட ஒற்றை லைனில் தொங்கும் மலைப்பகுதி, தீவு என்றால் ஜெனரேட்டரும் பேட்டரியும் சேர்ந்த ஜோடி. 220 கே.வி.க்கு மேல் வைத்திருப்பவர்கள் தனியாக எதையும் வாங்கும் முன் அண்டை நிறுவனங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

எதை வாங்கினாலும் டெண்டரில் மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்வேன். ஒன்று, ஒப்படைக்கும் இடம் கிடங்கு அல்ல, நாம் காட்டும் ஒரு நிலையம். அங்கே இணைத்து முழு லோடில் 24 மணி நேரம் ஓட்டிக் காட்டிய பிறகே கடைசித் தவணைப் பணம். இரண்டு, ஆண்டுக்கு ஒருமுறை வேறொரு நிலையத்தில் இணைத்துப் பார்க்கும் ஒத்திகைக்கு சப்ளையர் ஆள் அனுப்ப வேண்டும். மூன்றாவது, இழுக்கும் லாரி. டிரெய்லர் கொட்டகையில் பத்திரமாக இருக்கும், டயர் காற்றிறங்கி வெடித்திருக்கும், அந்த எடையை இழுக்கும் ப்ரைம் மூவர் ஊரிலேயே இருக்காது. டயரின் வயதும், எத்தனை மணி நேரத்தில் லாரி வந்து சேரும் என்பதும், வராவிட்டால் அபராதம் எவ்வளவு என்பதும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.